துட்டும் சல்லியும்: தேய்ந்த செப்புக் காசுகளை வாசித்தல்

பொற்காசு அரசனுடைய பெருமைக்காக அச்சிடப்படுவது. செப்புக் காசு சந்தைக்காக அச்சிடப்படுவது. அரும்பொருட் காட்சியகங்களிற் கண்ணாடிப் பேழைக்குள் விளக்கு வெளிச்சத்தில் இருப்பது முன்னது. பின்னது பெரும்பாலும் நிலவறையில் ஒரு பையினுள் எண்ணிக்கை மாத்திரம் குறிக்கப்பட்டுக் கிடக்கும். ஆனால், ஓர் ஊரின் மக்கள் எதைக் கொடுத்து உப்பும் புகையிலையும் வாங்கினார்கள், அவர்களை ஆண்டவர்கள் தம்மை யார் என்று சொல்லிக்கொண்டார்கள், ஆட்சி மாறியபோது கைக்காசுக்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை அறிய விரும்புபவன் அந்தப் பையைத்தான் அவிழ்க்க வேண்டும்.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலந்தொட்டு இத்தகைய காசுகளைப் பார்த்து வருகின்றேன். பெருஞ் சேகரிப்பாளன் அல்லன். அதற்கான வசதி பத்திரிகைக்காரனுக்கு ஏது? விலைபோகாத, தேய்ந்த, எழுத்து மறைந்த காசுகளே என்னிடம் அதிகம். அவற்றைப் பார்த்துப் பழகியதிற் கிடைத்த பயிற்சியைத்தான் இங்கு எழுத முனைகின்றேன். வட இலங்கையிற் புழங்கிய சிறுகாசுகளையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 'துட்டு' என்ற சொல். பணம் என்ற பொருளில் இன்று தமிழ்நாட்டிலும் வழங்கும் இச்சொல், ஒல்லாந்தரின் 'டுயிட்' என்னும் செப்புக் காசின் பெயரிலிருந்து வந்தது எனத் தமிழ் லெக்சிக்கன் கூறும். சிங்களத்திலும் அது 'துட்டு' என்றே நின்று, மதிப்பற்ற ஒன்றை 'இரண்டு துட்டுப் பொருள்' என்று இகழும் வழக்காக இன்றும் வாழ்கின்றது. ஒல்லாந்தர் இலங்கையை விட்டுப் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களுடைய மிகச் சிறிய காசு இரு மொழிகளிலும் தங்கிவிட்டது. அவர்களுடைய வெள்ளிக் காசின் பெயரை இன்று எவர் அறிவார்?

துட்டுக்கும் முந்தியது சேதுக் காசு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயம் என இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் இச்செப்புக் காசின் ஒருபுறத்தில் நிற்கும் மனித உருவம். மறுபுறத்திற் படுத்திருக்கும் காளை. அதன் கீழே தமிழில் 'சேது' என்ற ஈரெழுத்துச் சொல். பலவற்றிற் காளைக்கு மேலே பிறை உண்டு. மன்னன் பெயரோ ஆண்டோ கிடையாது. செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டங்களை மாறி மாறித் தரித்த அம்மன்னர்கள் காசிலே தம் பெயரைப் பொறிக்காமல் விட்டதனால், எந்தக் காசு எந்த மன்னனுடையது என்ற கேள்விக்குக் காசு தானாக விடை சொல்லாது.

அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருந்தது. இவை யாழ்ப்பாணத்தவைதாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றை ஆராய்ந்தவர்களிற் சிலர், 'சேது' என்ற சொல்லைக் கண்டதும் இராமநாதபுரம் சேதுபதிகளின் காசு என்று எழுதிவிட்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான முடிவுதான். சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்கள் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை அந்த முடிவை எதிர்த்தது. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலும் இவற்றை யாழ்ப்பாண மன்னருக்கே உரியனவாகக் கொண்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியரசு இருந்தது என்பதை ஐயுறுவோரும் அதன் பரப்பைச் சுருக்குவோரும் இன்றும் உளர். தன் பெயரில் நாணயம் வெளியிட்டமை இறைமைக்குச் சான்று. ஆகவே, இந்தச் சிறு செப்புத் துண்டு யாருடையது என்பது வெறுஞ் சேகரிப்பாளர் சண்டையன்று.

வாதத்தின் வலு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'சேது' என்ற சொல்லில் மாத்திரம் அன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் 'சேதுகாவலன்' என்ற விருதைத் தரித்தவர்கள் என்பதும், கேகாலைப் பகுதியிற் கிடைத்த கொட்டகமத் தமிழ்க் கல்வெட்டின் தொடக்கத்திலும் 'சேது' என்ற சொல் உள்ளது என்பதும் துணைச் சான்றுகள். அவற்றினும் வலுவானவை இரண்டு. ஒன்று, நிற்கும் உருவத்தின் வடிவம். முதலாம் இராசராசன் காலந்தொட்டு இலங்கையில் வழங்கி, பின்னர் பொலனறுவை மன்னர் காசுகளிலும் தொடர்ந்த 'நிற்கும் அரசன்' உருவம், அச்சு அச்சாகச் சிதைந்து, கை கோடாகி, கால் புள்ளியாகி வந்த வழியிலேயே சேதுக் காசின் உருவமும் நிற்கிறது. தாய்க் காசு இந்தத் தீவுக்குரியது. மற்றையது, காசு கிடைத்த இடம். குடாநாட்டிலும் அதனையடுத்த வன்னிப் பெருநிலப்பரப்பிலும் அவை மண்ணிலிருந்து கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. முதற் சான்று காசின் முகத்திலே உள்ளது. இரண்டாவது சான்று காசில் இல்லை. அதைக் கண்டெடுத்தவரின் நினைவிலும் குறிப்பிலுமே உள்ளது. இதைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

இப்போது காசைக் கையில் எடுப்போம். இவை இயந்திரத்தில் அடித்தவையல்ல. கீழே ஓர் அச்சு. அதன்மேற் சூடாக்கிய செப்புத் தகடு. அதன்மேல் இன்னோர் அச்சு. சம்மட்டியால் ஓர் அடி. அச்சின் முகம் தகட்டிலும் பெரிதாக இருந்தால் முழு உருவமும் தகட்டில் விழாது. அடி சற்று விலகினால் ஒரு பக்கம் வெறுமையாகவும் மறுபக்கம் வெட்டுண்டதாகவும் அமையும். ஆகையால் ஒரே அச்சில் அடித்த பத்துக் காசுகளில் ஒன்றிற் காளையின் தலை இருக்கும், 'சேது' இராது. இன்னொன்றில் 'து' மாத்திரம் இருக்கும். ஒரு காசை வைத்துக்கொண்டு 'இதில் எழுத்தே இல்லை, இது வேறு வகை' என்று தீர்ப்பளிப்பது பிழை. பல காசுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றிலிருந்து நிரப்பி, அச்சின் முழு முகத்தையும் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். தேய்ந்த காசுகள் அப்போதுதான் பேசும். விலை உயர்ந்த ஒரு காசைவிட விலைபோகாத இருபது காசுகள் ஆய்வாளனுக்குப் பயன்படுவது இதனாலே.

இங்கே சேகரிப்பாளர் பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. உருவம் தெளிவற்றிருந்தால் உடனே 'தேய்ந்த காசு' என்பார்கள். தெளிவின்மைக்குக் காரணம் மூன்று. கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கலாம். அடி பலவீனமாக விழுந்திருக்கலாம். அல்லது அச்சே தேய்ந்துபோன பின் அடிக்கப்பட்டிருக்கலாம். கைபட்டுத் தேய்ந்த காசில் மேடான இடங்கள் வழுவழுப்பாகத் தட்டையாகியிருக்கும். பள்ளங்களில் நுணுக்கங்கள் தப்பியிருக்கும். பலவீனமாக அடித்த காசில் மேடான இடத்திற் செம்புத் தகட்டின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும். உலோகம் அச்சின் ஆழத்துக்கு ஏறவேயில்லை என்பது அதன் பொருள். அந்த இடத்துக்கு நேர் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கும் பலவீனமாகவே இருக்கும், ஏனெனில் இரு புறத்துக்கும் அடி ஒன்றுதான். அச்சுத் தேய்ந்திருந்தாலோ எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கிப் பரந்திருக்கும். ஆனால் காசின் சமதளத்தில் புதுமை இருக்கும். வெயிற் சாய்வில் காசைப் பிடித்து மெல்லத் திருப்பினால் இந்த வேறுபாடு தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியைவிடச் சாய்ந்த வெளிச்சமே பெரிய கருவி.

வரலாற்றுக்கு இதனால் என்ன? ஒரு புதையலில் உள்ள காசுகள் கைபட்டுத் தேய்ந்தவையானால் அவை நெடுங்காலம் சந்தையில் உலவிய பின் புதைக்கப்பட்டவை. புதுக்கருக்கு மாறாமல் அடி மாத்திரம் பலவீனமானவையானால் பட்டறையிலிருந்து வந்த சில காலத்துக்குள்ளேயே மண்ணுக்குள் போனவை. முன்னது அமைதியான வணிகத்தைக் காட்டக்கூடும். பின்னது திடீரென வந்த ஓர் அச்சத்தைக் காட்டக்கூடும். இரண்டையும் 'தேய்ந்தவை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் அந்தச் செய்தி போய்விடுகிறது.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். போர்த்துக்கேயர் காசுகளை இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. அவை தனி உலகம். ஒல்லாந்தக் கம்பனியின் துட்டுகள் தாய்நாட்டு மாகாணங்களிலேயே அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. ஒருபுறம் வி, ஓ, சி என்ற மூன்றெழுத்துகள் பின்னிய கம்பனி முத்திரையும் ஆண்டும். மறுபுறம் மாகாணத்தின் மரபுச் சின்னம். அலைகளிலிருந்து எழும் சிங்கம் என்றால் சீலாந்து. கேடயத்தை இருபுறமும் சிங்கங்கள் தாங்கினால் உட்ரெக்ட். உலகெங்கும் மலிவாகக் கிடைக்கும் காசு இது. அமெரிக்காவில் இதனை 'நியூயோர்க் பென்னி' என்று பெயர் சூட்டி உல்லாசப் பயணிகளிடம் விற்றவர்கள் உண்டு. நியூயோர்க் ஒருகாலத்தில் ஒல்லாந்தரின் குடியேற்றமாக இருந்தது என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு ஆதாரமில்லை. இக்காசு கீழைநாடுகளுக்கென்றே அடிக்கப்பட்டது.

எனக்கு அதிக ஈடுபாடு அடுத்து வந்த காசுகளில். 1780 முதல் 1784 வரை ஒல்லாந்தருக்கும் பிரித்தானியருக்கும் நடந்த போரினாற் கடல் வழி அடைபட, இலங்கையிலேயே செப்புக் காசு அடிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு பிறந்தவையே தடித்த, வட்டமும் சரியாக அமையாத ஸ்டைவர் காசுகள். ஒருபுறம் கம்பனி முத்திரை, அதன் மேலே பட்டறையைக் குறிக்கும் ஓர் எழுத்து. மறுபுறம் பெறுமதியும் ஆண்டும். 'சி' கொழும்பு, 'ஜி' காலி, 'டி' திருகோணமலை, 'ஐ' யாழ்ப்பாணம். ஐ எழுத்தையும் ஜே எழுத்தையும் அக்காலத்தவர் பிரித்துக் காட்டாமல் எழுதியதால் யாழ்ப்பாணத்துக்கு 'ஐ' அமைந்தது. தமிழரசர் பட்டறை ஓய்ந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிய பின் யாழ்ப்பாணத்திலே மீண்டும் காசடிக்கும் ஓசை கேட்டது, அந்நியர் கையால்.

இந்த நான்கு எழுத்துகளிலேதான் தேய்மானம் தன் விளையாட்டைக் காட்டுகிறது. சற்றுத் தேய்ந்த 'ஜி'யின் உட்கோடு மறைந்தால் அது 'சி' ஆகிவிடும். காலிக் காசு கொழும்புக் காசாகிவிடும். அதைவிடச் சிக்கலானது நமது 'ஐ'. 'டி' எழுத்தின் மேற்கோடு தகட்டின் விளிம்புக்கு வெளியே போய்விட்டால் எஞ்சுவது ஒரு செங்குத்துக் கோடு மாத்திரமே; திருகோணமலைக் காசு யாழ்ப்பாணத்துக் காசாக விலைபேசப்படும். கொழும்புக் காசே மலிந்தது. மற்றையவை அரிதாகையால் விற்பவருக்கு இந்த மயக்கம் இலாபகரமானது. ஆகவே 'யாழ்ப்பாணத்து ஸ்டைவர்' என்று எவரேனும் காட்டினால், அந்தக் கோட்டின் மேல்முனை காசுக்குள்ளே முடிவடைகிறதா, விளிம்பினால் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலிற் பாருங்கள். உள்ளே முடிந்து, அதற்கு மேலும் வெறுந்தளம் இருந்தால் அது 'ஐ'. விளிம்பில் வெட்டுண்டிருந்தால் முத்திரையின் வடிவம், இலக்கங்களின் எழுத்துப்பாங்கு ஆகியவற்றை ஐயமற்ற காசுகளோடு ஒப்பிட்டாலன்றி எதுவும் கூறலாகாது.

1795 செப்டெம்பரில் யாழ்ப்பாணமும் 1796 பெப்ரவரியிற் கொழும்பும் பிரித்தானியர் வசமாயின. புதியவர்கள் யானையைக் காசில் ஏற்றினர். 1801 முதல் 1816 வரை கொழும்பில் அடித்த தடித்த யானைக் காசுகளின் மறுபுறம் 12, 24, 48 என்ற எண்கள் இருக்கும். எண் பெரிதானாற் காசு சிறிது! ஒரு றிக்ஸ் டொலரின் பன்னிரண்டில் ஒன்று, இருபத்துநான்கில் ஒன்று, நாற்பத்தெட்டில் ஒன்று என்பது அதன் கணக்கு. 48 எனப் பொறித்தது ஒரு ஸ்டைவர். இதே காலத்தில் 1802ஆம் ஆண்டிட்டு இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்து வந்த காசுகளில் 192, 96, 48 என்ற எண்கள். உள்ளூர் யானையையும் இங்கிலாந்து யானையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இயந்திரத்து யானைகள் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கொன்று இம்மியும் மாறா. கொழும்பு யானைகளை அச்சுவெட்டி கையால் வெட்டியதால் ஒன்றன் வால் நீளும், இன்னொன்றன் முதுகு கூனும். அழகு இல்லைத்தான். ஆனால், யானையை அன்றாடம் கண்டவன் வெட்டிய யானைக்கு நடை இருக்கிறது. மற்றையதற்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

1825இல் பிரித்தானிய நாணயம் சட்டபூர்வமாக்கப்பட்டு, றிக்ஸ் டொலர் ஒன்றுக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என்று விலை வைக்கப்பட்டது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதினெட்டுப் பென்ஸுக்குப் பன்னிரண்டு பணம். ஆகவே ஒரு பணம் ஒன்றரைப் பென்ஸ். 1834இலிருந்து இலண்டன் நாணயசாலை ஒன்றரைப் பென்ஸ் என்ற விசித்திரமான சிறு வெள்ளிக் காசை அடித்ததற்குக் காரணம் இதுதான். நம்மவர் மனத்தில் இருந்த பணத்தை பிரித்தானிய முகத்தோடு திருப்பித் தந்தார்கள். ஒரு ஸ்டைவர் ஒன்றரை பார்திங். அதற்கும் கீழே கொடுக்கல் வாங்கல் நடந்த நாட்டிற்குப் பார்திங் கூடப் பெரிய காசு. எனவே 1828இல் அரைப் பார்திங் வந்தது. 1839இற் கால் பார்திங் வந்தது. கால் பார்திங் என்பது ஒரு பவுணின் 3840இல் ஒரு பங்கு. 1839, 1851, 1852, 1853 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கென்று அடிக்கப்பட்ட அது இங்கிலாந்தில் ஒருபோதும் செல்லுபடியாகவில்லை. அரைப் பார்திங் 1842இல் அங்கும் செல்லுபடியாக்கப்பட்டது. கால் பார்திங் அளவுக்குச் சிறிய செலவு இங்கிலாந்தின் ஏழைக்குக்கூட இருக்கவில்லை, இலங்கையின் ஏழைக்கு இருந்தது. வறுமையின் அளவை இதைவிடத் துல்லியமாக எந்த ஆணைக்குழு அறிக்கையும் எடைபோட்டதில்லை.

அரைப் பார்திங்கிலும் வகை உண்டு. முதல் ஆண்டான 1828இன் காசில் அமர்ந்திருக்கும் பிரித்தானியாத் தேவியின் சூலம் சில காசுகளில் எழுத்துகளின் அடிமட்டத்தோடு நின்றுவிடும். சிலவற்றில் அதைத் தாண்டி எழும். இரண்டு வெவ்வேறு அச்சுகள் என்பது அதன் பொருள். இக்காசில் பெறுமதியே பொறிக்கப்படவில்லை என்பது இன்னும் வேடிக்கை. அளவைப் பார்த்துத்தான் அறிந்துகொள்ள வேண்டும். விக்டோரியா காலத்தில், 1839இலிருந்தே, 'அரைப் பார்திங்' என்று ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர் அக்காலச் சந்தையில் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. 1870ஆம் ஆண்டிட்ட சதக் காசுகளில்தான், ஆங்கிலத்தோடு சிங்களமும் தமிழும் பெறுமதியைச் சொல்லத் தொடங்கின. அக்காசின் நடுவிலுள்ள மரம் தென்னை என்பாரும் தாளிப்பனை என்பாரும் உளர். யாழ்ப்பாணத்தார் அதைப் பனை என்று உரிமை கொண்டாடுவதையும் கேட்டிருக்கிறேன்.

காசின் நிலைமையைக் குறிக்கச் சேகரிப்பாளர் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் புதியவரை ஏமாற்றுவன. 'ஃபைன்' என்றால் நன்றாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். நன்றாகத் தேய்ந்தது என்று பொருள். அதற்கு மேலே 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்றீம்லி ஃபைன்', கைபடாத காசு என்று படிகள் ஏறும். அமெரிக்காவிலே ஷெல்டன் என்பவர் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலை இன்று உலகின் எல்லாக் காசுகளுக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். பிளாஸ்ரிக் பெட்டிக்குள் முத்திரையிட்டு எண் எழுதித் தருகிறார்கள். இயந்திரக் காசுக்கு அது பொருந்தலாம். சம்மட்டியால் அடித்த சேதுக் காசுக்கு எண் இட்டால் அது எதை அளக்கிறது? பிறக்கும்போதே கால்பகுதி இல்லாமற் பிறந்த காசு அது.

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து வாசகர் ஒருவர், "ஐயா, எனது பாட்டனார் வைத்திருந்த காசுகள். என்ன பெறுமதி என்று சொல்வீர்களா?" என்று கேட்டுப் படங்கள் அனுப்பியிருந்தார். பால்மா ரின் ஒன்றினுள் நாற்பதுக்கு மேற்பட்ட செப்புக் காசுகள். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது நகையோடு நகையாகச் சாவகச்சேரிக்கும் பின்னர் வன்னிக்கும் போய், கடைசியிற் கடல் கடந்தது அந்த ரின். படம் எடுப்பதற்கு முன் பாதிக் காசுகளை நம் வீடுகளிற் பித்தளைக் குத்துவிளக்குத் துலக்குவது போலப் பழப்புளி போட்டுத் துலக்கியிருந்தார்கள். அவை இளஞ்சிவப்பாக மின்னின. புளியின் அமிலம் களிம்பை மாத்திரம் கரைப்பதில்லை. நூற்றாண்டுகளாகச் செம்பின்மேற் படிந்து இறுகிய பழுப்புத் தோலையும், அதனோடு உருவத்தின் மெல்லிய ஓரங்களையும் கொண்டுபோய்விடும். சேதுக் காசின் காளைக்குக் கொம்பு இருந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் மிகச் சிறிய மேடு அந்தத் தோலிலேதான் இருக்கும்.

ஆனால் அந்த ரின்னின் அடியில் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பாட்டனாரின் கையெழுத்தில், வலிகாமத்துக் கிராமமொன்றின் பெயரும் "கிணறு வெட்டேக்கை எடுத்தது, ஒன்பது காசு" என்ற வரியும். படங்களில் ஒன்பது சேதுக் காசுகளை எண்ண முடிந்தது. அந்த வாசகருக்கு நான் எழுதியது இதுதான்: காசுகளைச் சந்தையில் விற்றால் ஒவ்வொன்றுக்கும் சில டொலர்கள் கிடைக்கும், அந்தத் தாள் இல்லாமல் விற்றால் ஒன்பதும் எங்கோ கிடைத்த ஒன்பது செப்புத் துண்டுகள். தாளோடு இருந்தால், இன்ன ஊரில் கிணற்றாழத்தில் ஒன்றாகக் கிடந்தவை என்ற சான்று. இராமநாதபுரமா யாழ்ப்பாணமா என்ற வழக்கில் ஞானப்பிரகாசர் காலத்திலிருந்து நாம் வைத்திருக்கும் ஆதாரம் இத்தகைய வரிகளால் ஆனதே. அவர் ஒன்பதையும் விற்காமல், தாளின் பிரதியோடு சேர்த்து வைத்திருப்பதாகப் பதில் எழுதினார். துலக்காத காசுகளின் இரு புறத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் மீண்டும் படமெடுத்து எடையோடு அனுப்பினார். அவற்றில் ஐந்து ஒரே காளை அச்சில் அடித்தவை என்று நினைக்கிறேன். காளையின் கழுத்தருகே அச்சிலே விழுந்த கீறல் ஒன்று ஐந்திலும் ஒரே இடத்தில் மேடாகத் தெரிகிறது. ஒரே அச்சில் அடித்த ஐந்து காசுகள் ஒரே கிணற்றில் இருந்தன என்றால் அவை பட்டறையை விட்டு வெகுதூரம் அலையவில்லை என்று ஊகிக்க இடமுண்டு.

உலகெங்கும் பரந்து வாழும் நம்மவர் வீடுகளில் இன்னும் எத்தனை ரின்கள் இருக்கின்றனவோ அறியேன். வைத்திருப்போருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் சொல்லலாம். துலக்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் உலரவையுங்கள். வெளிர்பச்சை நிறத்தில் மாப்போல உதிரும் புள்ளிகள் தோன்றினால் அது சாதாரணக் களிம்பு அன்று. உப்புமண்ணிலும் கடற்காற்றிலும் இருந்த செம்பில் தங்கிய குளோரைட்டு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும் நோய். அந்தக் காசைப் பிரித்து ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். மென்மையான பி.வி.சி. உறைகளுக்குள் இடுவதும் ஆபத்து. காலப்போக்கில் அதிலிருந்து கசியும் பொருள் காசிற் பச்சைப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். நாட்டில் உள்ளவர்கள் இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம்.

போலிகள் பற்றியும் ஒரு சொல். சேதுக் காசுக்கு விலை ஏறியதிலிருந்து வார்ப்புப் போலிகள் வருகின்றன. அச்சில் அடித்த காசின் விளிம்பில் உலோகம் நெரிந்து வெடித்த சிறு பிளவுகள் இருக்கும். வார்த்த காசின் விளிம்பிலோ இரு அச்சுகள் சேர்ந்த கோடு ஓடும், அல்லது அதை அராவிய தடம் இருக்கும். தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். இரண்டு காசுகள் விளிம்பின் வெட்டு உட்பட எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருந்தால் இரண்டையும் வாங்காதீர்கள். சம்மட்டி இரு முறை ஒரே இடத்தில் விழாது.

கடைசியாக, எமது பெற்றோர் கையில் புழங்கிய காசு. 1942ஆம் ஆண்டின் ஒரு சதத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டிலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை; இரண்டிலும் ஒரே ஆண்டு. ஒன்று தடித்தது, 4.72 கிராம். மற்றையது மெல்லியது, 2.36 கிராம், பழைய அரைச் சதத்தின் எடை. எவ்வளவு தேய்ந்த தடித்த சதமும் பாதி எடையை இழக்காது; ஆகவே நகைக்கடைத் தராசு ஒன்றே இந்த வகையைப் பிரித்துவிடும். அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின; மலாயா அதற்கு முன்னரே வீழ்ந்திருந்தது. உலோகத்துக்குப் பெருந் தட்டுப்பாடு. சதம் பாதியாக மெலிந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளின் சதுர ஐந்து சதமும் தடித்திருக்க, 1944இல் வந்தது மெல்லியது. அந்தக் காசுகளை வரிசையாக மேசையில் வைத்தால் போர் உள்ளே வந்த ஆண்டைக் கண்ணாலேயே காணலாம்.

காசு போதாமற் போனபோது 1942இல் அரசு ஐந்து சதத்துக்கே தாள் வெளியிட்டது. நடுவே முத்திரைத் தாளைப் போலத் துளையிட்ட தாள் அது. கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறு பாதி மூன்று சதம். இன்று சேகரிப்போர் முழுத் தாளையே தேடுகின்றனர். கிழியாத தாளுக்குத்தான் விலை. ஆனால், அது கிழிப்பதற்காகவே அச்சிடப்பட்டது. என்னிடம் இருப்பது ஒரு மூன்று சதப் பாதி மாத்திரம். ஓரத்துத் துளைகள் நேராக இல்லை. யாரோ ஒரு கடைக்காரர் அவசரத்திற் கிழித்திருக்கிறார். அதன் பின்புறத்திற் பென்சிலால், தமிழில், 'தீப்பெட்டி' என்று எழுதியிருக்கிறது.